தண்ணி எங்க போகுது சார்?

“மறுபடியும் நின்னுருச்சு மேடம்.”

சங்கரபாண்டியன் தரையில் உட்கார்ந்தபடியே போனில் சொன்னார். எழுந்து நின்று சொல்லத் தெம்பில்லை. எதிரே வாஷிங் மெஷின். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் பாதி உயரத்துக்குத் தண்ணீர். அதில் மூன்று படுக்கை விரிப்புகள் ரசத்தில் போட்ட அப்பளம் மாதிரி ஊறிக் கிடந்தன.

“எது நின்னுச்சு?” என்றாள் முத்துப்பேச்சி.

“தண்ணி. உள்ளயே நிக்குது. அது வெளிய போனாத்தான மெஷின் பிழியும். பிழியவும் இல்ல. சிவப்பு லைட்டு மட்டும் மினுக்கு மினுக்குன்னு எரியுது.”

“எந்த வீடு?”

அவர் மெஷினின் சிவப்பு லைட்டைப் பார்த்தார்.

“தங்கபுஷ்பம் அக்கா வீடா?”

“ம்.”

“மூணாவது போனா?”

“ம்.”

அந்தப் பக்கம் எங்கோ ஒரு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

“வரேன்,” என்றாள்.

இந்த மூணாவது போன் என்னவென்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வளர்ந்த மனுஷன் எதற்காக ஒரு மெஷினைப் பார்த்து இப்படி நடுங்குகிறார் என்று புரியாது.

முத்துப்பேச்சி வைத்திருப்பது ரிப்பேர் கடை. அங்கே ஒரே ஒரு சட்டம். ஒரே வீட்டிலிருந்து, ஒரே கோளாறுக்கு, மூன்றாவது தடவை போன் வந்தால், வேலைக்குப் போன ஆள் டூல்ஸ் பையைக் கடையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வேலை அத்தோடு முடிந்தது. தப்பிக்க ஒரே வழி, அன்றைக்கே கோளாறைச் சரிசெய்து, சர்வீஸ் கார்டில் வீட்டுக்காரர் கையால் ‘சரியாகிவிட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவது.

இவருக்கு முன்னால் இரண்டு பேர் பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு பேரும் இவரைவிடக் கெட்டிக்காரர்கள்.

சங்கரபாண்டியனுக்கு வயது நாற்பத்தொன்பது. அந்தப் பையை விட்டால் போக்கிடம் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். வேறு பள்ளிக்கூடங்களில் ஏறி இறங்கினார். வயசைக் கேட்டுவிட்டு டீ மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

முத்துப்பேச்சி அவரிடம் படித்தவள். படித்தவள் என்பது பொய். அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் ஃபெயில். அதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு. ‘நீயெல்லாம் எங்க உருப்படப் போற’ என்று அவர் சொன்னதாக அவளுக்கு ஞாபகம். சொல்லவே இல்லை என்று அவருக்கு ஞாபகம்.

போன வருஷம் வீட்டு மிக்சியைத் தூக்கிக்கொண்டு அவள் கடைக்கு வந்தார். அவள் கழற்றினாள். பார்த்துக்கொண்டு நின்றார். மிக்சி சரியாகிவிட்டது. அவர் போகவில்லை.

“வேற ஏதாச்சும் இருக்கா சார்?”

“எனக்கு இதக் கத்துக் குடுப்பியா?”

அவளுக்கு வயது முப்பத்தொன்று. சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. காலால் ஒரு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

“உக்காருங்க.”

முதல் மாதம் அவர் அவளை மேடம் என்று கூப்பிட்டது கிண்டலாகத்தான். எட்டாவது மாதத்தில் கிண்டல் தேய்ந்துபோய் மேடம் மட்டும் மிச்சம் இருந்தது.

அவள் சார் என்பதை விடவே இல்லை. திட்டும்போதும் சார்தான். “எந்த மடையன் சார் இந்த ஸ்குரூவ இப்படி முறுக்குனது?” என்பாள். முறுக்கியது யார் என்று இருவருக்கும் தெரியும்.

*

திங்கட்கிழமை முதல் போன் வந்தது.

தங்கபுஷ்பத்துக்கு ஐம்பது வயசிருக்கும். உள்ளறையில் அவள் மாமனார் படுத்த படுக்கை. பேச்சு உண்டு, நடை கிடையாது. ஒரு நாளைக்கு மூன்று விரிப்பு மாற்ற வேண்டும், சில நாள் நான்கு. மெஷின் நின்றால் அந்த வீட்டில் மூச்சு விட முடியாது.

வாசலிலேயே அவள் ஆரம்பித்தாள்.

“சார், போன மாசம் என்ன ஆச்சுன்னா…”

“ஒரு நிமிஷம்மா. நான் பாத்துக்கறேன்,” என்றார் சங்கரபாண்டியன்.

மெஷின் குளியலறை மூலையில் இடுக்கிக்கொண்டு நின்றது. வெளியே இழுத்தால்தான் வேலை பார்க்க முடியும். இழுப்பதற்கு முன்னால் தண்ணீர் வெளியேறுகிற பைப்பை எடுத்துத் தரையில் போட்டுவிட வேண்டும். போட்டார். மெஷினை இழுத்தார். அடியில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து ஃபில்டரைத் திருகி வெளியே எடுத்தார். பூக்கட்டின வாழைநார் ஒரு கற்றை. ஊக்கு இரண்டு. மாத்திரை அட்டையில் கிழிந்த ஒரு துண்டு.

“இதான்மா கோளாறு,” என்று தூக்கிக் காட்டினார். வகுப்பில் பரிசோதனைக் குழாயைத் தூக்கிக் காட்டுகிற அதே கை.

ஓட்டிப் பார்த்தார். தண்ணீர் சர்ரென்று தரையில் பாய்ந்து மூலைச் சல்லடைக்குள் இறங்கியது. மெஷின் பம்பரமாய்ச் சுற்றியது. கையெழுத்து வாங்கினார். போய்விட்டார்.

வியாழக்கிழமை இரண்டாவது போன்.

இந்தத் தடவை பம்பையே மாற்றினார். அதே வேலைதான். பைப்பை எடுத்துத் தரையில் போட்டார், மெஷினை இழுத்தார், கழற்றினார், மாட்டினார். பைப்பின் நடுவில் யாரோ கூடுதலாக ஒரு துண்டு ஒட்டுப் போட்டு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் பிசுபிசுவென்று கிடந்தது. அதையும் உரித்துப் போட்டுப் புது டேப்பை அழகாகச் சுற்றிக் கொடுத்தார். அந்த ஒட்டு எதற்கு என்று கேட்கவில்லை. சுற்றினது அழகாக இருந்தது, அது போதும் அவருக்கு.

மூன்று தடவை ஓட்டினார். மூன்று தடவையும் பம்பரம்.

அன்றைக்குச் சாயங்காலம் கடையில் முத்துப்பேச்சி கேட்டாள்.

“தண்ணி எங்க போகுது சார்?”

“வெளிய.”

“வெளியன்னா எங்க?”

“வெளியன்னா வெளிய மேடம். சல்லடைக்குப் போகுது. சல்லடைலேர்ந்து சாக்கடைக்கு. சாக்கடைலேர்ந்து கண்மாய்க்கு. போதுமா?”

“பாத்தீங்களா?”

“என் கண்ணால பாத்தேன்.”

“நீங்க இருக்கும்போது பாத்தீங்க.”

“நான் இல்லாதப்ப நான் எப்படிப் பாக்குறது?”

அவள் டீ கிளாசைக் கீழே வைத்தாள். எழுந்து போய்விட்டாள். அவளிடம் இதுதான் தொல்லை. சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும், இல்லை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவள் பாதியில் விட்டுவிட்டுக் கைகழுவப் போய்விடுவாள். மீதியை அவர் ராத்திரி முழுக்க மென்றுகொண்டு கிடப்பார். அன்றைக்கும் மென்றார். ஒன்றும் கிடைக்கவில்லை.

*

இன்றைக்குச் சனிக்கிழமை. மூன்றாவது போன்.

முத்துப்பேச்சி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். காலையிலிருந்து நான்காவது வீடு. நெற்றியில் கிரீஸ் கோடு ஒன்று இழுபட்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

“வா பேச்சி. டீ போடவா?” என்றாள் தங்கபுஷ்பம்.

“போடுங்கக்கா. சீனி கம்மியா.”

சங்கரபாண்டியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஒருத்தன் பிழைப்புத் தொங்கிக்கொண்டிருக்கிறது, இவளுக்குச் சீனி கம்மியாக வேண்டுமாம்.

டீ வந்தது. அவள் குளியலறைக் கதவில் சாய்ந்து நின்று குடித்தாள். மெஷினைத் தொடவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“கழட்டட்டுமா மேடம்?”

“எத?”

“உள்ள இருக்கிற கரண்ட் போர்டத்தான். ஃபில்டர் பாத்தாச்சு. பம்பு மாத்தியாச்சு. இனி அது ஒன்னுதான் பாக்கி.”

“மாத்துனா?”

“ஓடும்.”

“நீங்க இருக்கும்போதா, நீங்க போனப்புறமா?”

அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைத் தரையில் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்கு. போட்டார்.

“எனக்குத் தெரியல மேடம்.”

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

“சத்தியமாத் தெரியல. நான் இருந்தா ஓடுது. நான் போனா நிக்குது. எனக்கு ஓய்ஞ்சு போச்சு. நீங்களே பாத்துச் சொல்லிருங்க. இல்லன்னா பைய இப்பவே வாங்கிக்கோங்க.”

முத்துப்பேச்சி மீதி டீயை ஒரே மடக்கில் குடித்தாள். வெளியே போனாள். ஸ்கூட்டியிலிருந்து ஒரு சுருள் பைப்போடு வந்தாள். உள்ளே ஓடுகிற தண்ணீர் வெளியே தெரிகிற கண்ணாடிப் பைப். ஒரு முனையை விரலால் அடைத்துக்கொண்டு உள்ளே தண்ணீர் நிரப்பினாள்.

“படுங்க சார்.”

“எங்க?”

“இங்கதான். தரையில. மெஷினுக்குப் பம்பு எந்த உயரத்துல இருக்கோ, உங்க வாய் அந்த உயரத்துல இருக்கணும்.”

“ஈரமா இருக்கு.”

“மெஷினும் ஈரத்துலதான் நிக்குது.”

அவர் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படுத்தார். சட்டை முதுகில் ஒட்டியது.

“புதுப் பைப்புதான், பயப்படாதீங்க. ஒரு முனைய வாயில வச்சுக்கோங்க. ஊதுங்க. தண்ணிய மேல தள்ளி அந்த முனையால வெளிய விடணும். அவ்வளவுதான் வேல.”

“எந்த முனையால?”

“இதால.”

அந்த முனையை அவள் தூக்கிக்கொண்டு போனாள். மெஷினுக்குப் பக்கத்தில் ஹாலோ பிளாக் கல்லை மூன்று வரிசை அடுக்கி, அதன்மேல் ஒரு பெரிய நீல டிரம் இருந்தது. மூன்று தடவை வந்த மனுஷனுக்கு அது அங்கே இருப்பது தெரியாமல் இல்லை. வியாழக்கிழமை அதன் மேல்தான் சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தார். முத்துப்பேச்சி கையை உயர்த்தி, பைப்பின் முனையை டிரம்மின் விளிம்பில் வைத்தாள். தரையிலிருந்து அஞ்சு அடிக்கு மேல்.

“ஊதுங்க.”

ஊதினார்.

கன்னம் உப்பியது. காது அடைத்தது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. தண்ணீர் பைப்புக்குள் கொஞ்ச தூரம் ஏறியது. ஏறி நின்றது. அவருக்கு மூச்சு தீர்ந்ததும் மொத்தமாய்த் திரும்பி வந்து வாயில் விழுந்தது.

இருமினார்.

“மறுபடி.”

ஊதினார். இந்தத் தடவை மூக்கு வழியாக வந்தது.

“ஐயோ பேச்சி, சாரப் போட்டு எதுக்கு இப்படி…”

“அக்கா, சும்மா இருங்க. மறுபடி சார்.”

மூன்றாவது தடவை ஊதியபோது கண்ணில் பூச்சி பறந்தது. பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு மல்லாந்து கிடந்தார். பேச முடியவில்லை. கையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

மெஷினின் சிவப்பு லைட்டு மினுக்கு மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது.

முத்துப்பேச்சி டிரம்மிலிருந்து முனையை எடுத்தாள். மெதுவாகக் கீழே கொண்டுவந்தாள். கணுக்கால் உயரத்தில் பிடித்தாள்.

“இப்ப ஊதுங்க.”

பேருக்குத்தான் ஊதினார். தூக்கத்தில் விடுகிற மூச்சு அளவுக்குக்கூட இருக்காது. தண்ணீர் கொடகொடவென்று தரையில் கொட்டியது.

சங்கரபாண்டியன் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே பார்த்தார். மெஷினின் பின்னாலிருந்து கிளம்பின பைப். நடுவில் அவர் அழகாகச் சுற்றிக் கொடுத்த டேப். அதற்கும் மேலே ஏறி, டிரம்மின் விளிம்பைத் தாண்டி, உள்ளே தொங்குகிற முனை.

போன இரண்டு தடவையும் முதல் வேலையாக அதை எடுத்துத் தரையில் போட்டது அவர். அவர் போனதும் எடுத்து மறுபடி டிரம்மில் போட்டது தங்கபுஷ்பம்.

“திரவத்தோட அழுத்தம் உயரத்தப் பொறுத்தது,” என்றார் கூரையைப் பார்த்து.

“ஒன்பதாம் வகுப்பு,” என்றாள் முத்துப்பேச்சி.

“இருபத்திரண்டு வருஷம் நடத்தியிருக்கேன்.”

“அன்னிக்கு வகுப்புல உங்கள ஒன்னு கேட்டேன் சார். எங்க தெருவுல குழாயடியில எல்லாரும் குழி தோண்டி, குழிக்குள்ள குடத்த எறக்கித் தண்ணி பிடிக்கிறாங்களே, அது ஏன்னு கேட்டேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“பாடத்துல இருக்கிறத மட்டும் கேளுன்னீங்க.”

அவர் தரையில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“குடத்தக் குழிக்குள்ள எறக்குனது நான்தான. எனக்குத் தெரியாதா,” என்று சொல்லிக்கொண்டே அவள் பைப்பைச் சுருட்டினாள். கோபமெல்லாம் இல்லை. அலுப்புத்தான் இருந்தது.

தங்கபுஷ்பம் சேலை முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“அப்ப என் மேலதான் தப்பா பேச்சி? டிரம்மு முன்னாடி தரையிலதான் இருந்துச்சு. போன மாசந்தான் கொத்தனார விட்டுக் கல்லு மேல தூக்கி வச்சேன். பைப்பு எட்டலன்னு ஒட்டும் போட்டேன்.”

“ஏம்மா இத முதல்லயே சொல்லல?” என்றார் சங்கரபாண்டியன்.

“சொல்ல வந்தேன். நீங்க ஒரு நிமிஷம்னீங்க சார்.”

அந்த ஒரு நிமிஷம் முடிய அஞ்சு நாள் ஆகியிருந்தது.

முத்துப்பேச்சியின் போன் அடித்தது. வேறு யாரோ, வேறு ஏதோ மெஷின். “வரேன், வரேன், வழியிலதான் இருக்கேன்,” என்றாள். வழியில் இல்லை. குளியலறையில்தான் இருந்தாள்.

“சார், கேட்டுக்கோங்க. பைப்ப டிரம்முலேர்ந்து எறக்கித் தரையில போடுங்க. ஓட்டிக் காட்டுங்க. கார்டுல கையெழுத்த வாங்கிட்டு வாங்க. அஞ்சு நிமிஷ வேல. கையெழுத்தோட வந்தா பை உங்ககிட்டயே இருக்கும்.”

“வாங்காம வந்தா?”

“சட்டம் உங்களுக்குத் தெரியும் சார்.”

ஸ்கூட்டி போய்விட்டது.

*

சங்கரபாண்டியன் எழுந்தார். டிரம்மிலிருந்து பைப்பை எடுத்தார். கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போடுங்க சார்,” என்றாள் தங்கபுஷ்பம். “யோசிக்காதீங்க. இப்போதைக்குப் பிழிஞ்சாப் போதும். மாமாவுக்கு விரிக்க ஒரு துணி கெடையாது. பிளாஸ்டிக் ஷீட்டுலதான் படுத்திருக்காரு.”

“தண்ணி?”

“என்ன தண்ணி?”

“இந்தத் தண்ணி. தரையில போயிருச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?”

அவள் அவரைப் பார்த்தாள். இந்த மனுஷன் அவளிடம் கேட்கிற முதல் கேள்வி.

“என்ன பண்ண? பாத்துக்கிட வேண்டியதுதான். குழாய்த் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வருது சார். அது குடிக்க, சமைக்க. கக்கூசுக்கு ஊத்த, மாமா படுத்த இடத்தக் கழுவ, தர துடைக்க, எல்லாத்துக்கும் மெஷின் தண்ணிதான்.”

“டிரம்மு தரையில இருந்தப்ப நல்லா ஓடுச்சுல்ல?”

“ஓடுச்சு.”

“அப்புறம் ஏன் தூக்கி வச்சீங்க?”

“குனிய முடியல சார்.”

அவ்வளவுதான் சொல்லப் பார்த்தாள். அவர் போகாமல் நின்றார். அதனால் மீதியும் வந்தது.

“மாமாவப் புரட்டிப் புரட்டி இடுப்பு போயிருச்சு. டிரம்முல தண்ணி அடிக்குப் போயிட்டா மொள்ளுறதுக்குத் தலையோட உள்ள போகணும். ஒரு நா குனிஞ்சவ நிமிரவே இல்ல. அப்படியே டிரம்மப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். உள்ள இவரு கூப்பிடுறாரு, இங்க நான் கூப்பிடுறேன், யாரு வர? அப்புறந்தான் கல்லு வச்சுத் தூக்கி, அடியில குழாய் போட்டேன். இப்பக் குழாயத் தெறந்தா பக்கெட் தானா நெறையுது. நான் சும்மா நிக்கலாம்.”

டிரம்மின் அடியிலிருந்த குழாயைத் தொட்டாள்.

“இந்த வீட்ல நான் சும்மா நிக்கிறது அந்த ஒரு நேரந்தான் சார்.”

அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை. கடைக்குப் போய் என்ன வாங்கினோம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “புஷ்பம்…”

“வந்துட்டேன் மாமா.”

போய்விட்டாள்.

சங்கரபாண்டியன் பைப்பைப் பார்த்தார். மூலைச் சல்லடையைப் பார்த்தார். மூன்று அடி தூரம்கூட இல்லை. கையை விட்டால் போதும், பைப் தானாகவே தரையில் விழும். அஞ்சு நிமிஷம். ஒரு கையெழுத்து. பை.

பைப்பைத் திரும்பவும் டிரம்மிலேயே மாட்டினார்.

பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, மெஷினின் அடிமூடியைத் திறந்தார். துணி அலசுகிற தட்டை பேசின் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அதை அடியில் செருகி, ஃபில்டரைத் திருகினார். மெஷினுக்குள் நின்ற தண்ணீர் பேசினுக்குள் வழிந்தது. நிறைந்ததும் ஃபில்டரை மூடினார். பேசினைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். தலைக்கு மேலே உயர்த்தி டிரம்முக்குள் ஊற்றினார். பாதி டிரம்மில். கொஞ்சம் அவர் மேல்.

மறுபடி உட்கார்ந்தார். மறுபடி திருகினார்.

நான்காவது பேசினில் முட்டி கத்தியது. ஆறாவதில் இடுப்பு. இடுப்பில் வலி எந்த இடத்தில் பிடிக்கும் என்று இப்போது தெரிந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் இறங்கி, விரிப்புகள் அடியில் குவிந்தன. எழுந்து, பிழியச் சொல்லி பட்டனை அமுக்கினார். மெஷின் முனகிக்கொண்டே சுற்றியது. துணியிலிருந்து வந்த தண்ணீர் சேர்ந்ததும் மறுபடி நின்றது. மறுபடி பேசினைச் செருகினார்.

தங்கபுஷ்பம் மாமனாரைத் துடைத்துவிட்டு வந்தவள் வாசலில் அப்படியே நின்றாள்.

“என்ன சார் பண்றீங்க?”

“தண்ணிய மேல தள்றேன்.”

“அது மெஷின் வேலயில்ல?”

“அதால முடியல.”

“உங்களால முடியுதா?”

“முடியல,” என்று சொல்லிவிட்டு அடுத்த பேசினைத் தூக்கினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

“அந்தக் கார்டக் குடுங்க சார். நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். பேச்சி கடைச் சட்டம் ஊருக்கே தெரியும். எனக்காக உங்க வேல போக வேண்டாம்.”

“என்னன்னு எழுதுவீங்க? சரியாயிருச்சுன்னா?”

அவள் கை நீட்டினபடியே இருந்தது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.

கார்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. நனைந்து கூழாகியிருந்தது. கொடுத்திருந்தாலும் அதில் ஒரு பேனா எழுதியிருக்காது.

மெஷின் மறுபடி நின்றது. இவரும் நின்றார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அதனால் அவளே உட்கார்ந்தாள். பகலில் அவள் உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்றோ, உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தார்.

“முடிஞ்சுதா சார்?” என்றாள் முத்துப்பேச்சி.

“இல்ல.”

“கையெழுத்து?”

“வாங்கல.”

“பைப்பு எங்க இருக்கு?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“டிரம்முலதான் இருக்கு.”

“எறக்கிப் போடுங்கன்னு சொல்லிட்டுத்தான வந்தேன்?”

“ஆமா, சொன்னீங்க.”

“அப்புறம்?”

“எறக்கல மேடம். தண்ணி எங்க போகுதுன்னு இப்பத்தான் பாத்தேன்.”